இரத்த வகையும் அதன் கணக்கும்

நம்மவர்களில் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று செய்தி வந்தால், கடையடைத்ததும் பத்துப் பேர் திரண்டு போய், "எங்கள் இரத்தத்தை எடுத்துக் கொள்ளுங்கள்" என்று கையை நீட்டுவது வழக்கம். அந்த நல்ல மனத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர், "நான் கூடப் பிறந்த தம்பி, என் இரத்தம் சேராமல் வேறு யாருடைய இரத்தம் காக்காவுக்குச் சேரும்?" என்று கேட்பதும், இரத்த வகை வேறு என்று சொல்லப்பட்டதும் மனம் நொந்து திரும்புவதும் நாம் பலமுறை கண்டவை. உறவு வேறு, இரத்த வகை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் குடும்பங்களில் வீண் மனக்கசப்பு உண்டாகிறது; சில வேளை உயிருக்கே அபாயம் நேருகிறது. ஆகவே இது பற்றிச் சற்று விரிவாக எழுத முற்பட்டோம். நாம் வைத்தியம் படித்தவர்களல்ல. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிவிட்டுக் கடைக்கு வந்தவர்கள். படித்தும் கேட்டும் விளங்கிக் கொண்டதை, வியாபாரிக்கு விளங்கும் பாஷையில் சொல்லுகிறோம்.

வளர்ந்த மனிதனின் தேகத்தில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. பார்வைக்கு அது ஒரே சிவப்பு நீர். உண்மையில் அது மஞ்சள் நிறமான ஒரு நீரும், அதில் மிதந்து செல்லும் கோடானுகோடி அணுக்களும் சேர்ந்தது. அந்நீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். அணுக்களில் மிகப் பெரும்பாலானவை சிவப்பணுக்கள். நெஞ்சுக்குள் இழுத்த காற்றிலிருந்து பிராணவாயுவை ஏற்றிக் கொண்டு போய் உடம்பின் மூலைமுடுக்கெல்லாம் இறக்கி வருவது அவற்றின் வேலை. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உழைத்துவிட்டு அழிகிறது. எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை புதியதைச் செய்து அனுப்புகிறது.

இனி, வகை என்பது என்ன? நம் கிட்டங்கிக்கு வரும் அரிசிச் சாக்குகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருப்பது அரிசிதான். ஆனால் ஒவ்வொரு சாக்கின் மேலும் ஒரு மார்க்கா குத்தியிருக்கும். அது போலவே சிவப்பணுவின் மேல்தோலில் மிக நுண்ணிய சர்க்கரைக் கோவைகள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. அக்கோவையின் நுனியில் ஒரு விதச் சர்க்கரை இருந்தால் 'ஏ' மார்க்கா. வேறொரு விதச் சர்க்கரை இருந்தால் 'பி' மார்க்கா. சிலரிடம் இரண்டும் உண்டு, அது 'ஏபி'. சிலரிடம் நுனியில் இரண்டுமே இல்லை, அது 'ஓ'. ஒரு துளி சர்க்கரையில் உள்ள இந்த வித்தியாசந்தான் உயிரைக் காக்கவும் போக்கவும் செய்கிறது.

மார்க்கா மட்டும் இருந்தால் குழப்பம் இராது. கிட்டங்கி வாசலில் ஜாகா நிற்பது போல, பிளாஸ்மாவில் காவற்காரர்கள் இருக்கிறார்கள். இவர்களை எதிர்ப்பொருள் என்பார்கள். தன் வீட்டில் இல்லாத மார்க்காவைக் கண்டால் அடித்து நொறுக்குவதே இவர்கள் தொழில். 'ஏ' வகைக்காரரின் இரத்தத்தில் 'பி' மார்க்காவை எதிர்க்கும் ஜாகா இருப்பார். 'பி' வகைக்காரரிடம் 'ஏ'யை எதிர்க்கும் ஜாகா. 'ஓ' வகைக்காரரின் வாசலில் இரண்டு ஜாகாக்களும் நிற்பார்கள். அவர்கள் மார்க்கா இல்லாத சாக்கை மட்டுமே உள்ளே விடுவார்கள். 'ஏபி' வீட்டில் இந்த ஜாகாக்கள் ஒருவரும் இல்லை. இக்காவற்காரர்கள் பிறக்கும்போதே வேலைக்கு வருவதில்லை. குழந்தை பிறந்து சில மாதங்களில், குடலில் குடியேறும் கிருமிகள் மேலும் இதைப் போன்ற சர்க்கரைகள் இருப்பதைக் கண்டு பழகி, உடம்பு தானாகவே இவர்களை உண்டாக்கிக் கொள்கிறது. அதனால்தான், வாழ்நாளில் ஒரு தடவையேனும் பிறர் இரத்தம் ஏற்றிக் கொள்ளாதவருக்கும் எதிர்ப்பு தயாராக இருக்கிறது.

இதை அறியாத காலத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1667-ல் பிரான்சு தேசத்து டாக்டர் ழான் பத்திஸ்த் தெனி என்பவர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார். ஒரு நோயாளி இறந்து வழக்கு மன்றம் வரை போயிற்று. பிறகு அத்தேசத்தில் அவ்வேலையே தடை செய்யப்பட்டது. 1818-ல் இலண்டனில் ஜேம்ஸ் பிளண்டல் என்னும் டாக்டர், மனிதனுக்கு மனித இரத்தமே ஏற்ற வேண்டும் என்று கண்டு, பின்னர் பிரசவத்தில் இரத்தம் இழந்த மாதர் சிலருக்கு ஏற்றினார். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. விளங்க வைத்தவர் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அவர் தம்மையும் தம்முடன் வேலை செய்தவர்களையும் சேர்த்து ஆறு பேரின் இரத்தத்தை எடுத்து, ஒருவர் அணுவை மற்றவர் நீரில் மாற்றி மாற்றிக் கலந்து, எது கட்டி தட்டுகிறது, எது தட்டவில்லை என்று பட்டியல் போட்டார். பேரேட்டில் வரவும் பற்றும் ஒட்டிப் பார்ப்பது போன்ற பொறுமையான வேலை அது. 1901-ல் மூன்று வகைகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவரைச் சேர்ந்தவர்கள் நான்காவதான 'ஏபி'யைக் கண்டார்கள். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. சில கண்ணாடிக் குழாய்களும் ஒழுங்கான கணக்குமே அவருடைய முதல்.

மார்க்காவையும் ஜாகாவையும் மனத்தில் வைத்துக் கொண்டால், யாருக்கு எது ஏற்றலாம் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'ஏ'காரருக்கு 'ஏ'யும் 'ஓ'வும் செல்லும். 'பி'காரருக்கு 'பி'யும் 'ஓ'வும். 'ஏபி'காரருக்கு நான்கும் செல்லும். 'ஓ'காரருக்கு 'ஓ' மட்டுமே. ஆகவே எல்லாருக்கும் கொடுக்கக்கூடிய 'ஓ'காரர், வாங்கும் இடத்தில் மிகவும் நெருக்கடிப்பட்டவர். சிலர் இவ்விடத்தில் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: 'ஓ'காரரின் பிளாஸ்மாவில் இரண்டு ஜாகாக்கள் இருக்கிறார்களே, அவர்கள் போன வீட்டில் சும்மா இருப்பார்களா? இப்போது இரத்தத்தை வாங்கியபடியே ஏற்றுவதில்லை. இரத்த வங்கியில் அதைச் சுழற்றிச் சிவப்பணு வேறு, பிளாஸ்மா வேறு என்று பிரித்துவிடுகிறார்கள். சிவப்பணுப் பையோடு போகும் பிளாஸ்மா மிகச் சொற்பம். பிளாஸ்மாவை மட்டும் ஏற்றும்போது கணக்கு தலைகீழாக மாறும்; அப்போது ஜாகாவே இல்லாத 'ஏபி'காரரின் பிளாஸ்மாதான் எல்லாருக்கும் செல்லும். பிரித்து வைப்பதில் இன்னொரு இலாபம், ஒருவர் கொடுத்த இரத்தம் இரண்டு மூன்று நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. சிவப்பணுவை உரிய குளிரில் 42 நாள் வரை வைக்கலாம். பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கா. காய்கறிக் கடைக்காரர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை.

வகை மாறி ஏற்றினால் என்ன ஆகும்? வந்த அணுக்களை ஜாகாக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைத்து விடுகிறார்கள். உடைந்த அணுக்களிலிருந்து சிதறும் சிவப்புப் பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. நோயாளிக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல், நெஞ்சு அல்லது இடுப்பு வலி, மூச்சு முட்டல் உண்டாகும். சிறுநீர் கறுத்துப் போகும். இரத்த அழுத்தம் விழுந்துவிடும். சிறிதளவு உள்ளே போனதுமே இது தொடங்கக்கூடும். ஆகையால் இரத்தம் ஏறிக் கொண்டிருக்கும் நோயாளியின் அருகில் இருப்பவர், இவற்றில் எது கண்டாலும் "காலையில் கேட்டுக் கொள்ளலாம்" என்று இராமல் அப்போதே நர்ஸை அழைக்க வேண்டும். உடனே நிறுத்துவதுதான் முதல் வைத்தியம்.

இவ்விபத்துக்கு முக்கிய காரணம் என்ன தெரியுமா? பரிசோதனை தவறுவதன்று. பெரும்பாலும் ஆள் மாறிப் போவதுதான். ஒருவருடைய குழாயில் மற்றொருவர் சீட்டை ஒட்டிவிடுவது, ஒருவருக்கு வந்த பையை அடுத்த கட்டிலில் மாட்டிவிடுவது என்பன போன்றவை. நம் சமூகத்தாருக்கு இதில் தனிக் கவனம் தேவை. ஒரே வார்டில் இரண்டு ஷாகுல் ஹமீது, மூன்று முகம்மது அலி இருப்பது அதிசயமா? அப்துல் காதர் என்று ஒரு குரல் கொடுத்தால் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும் கூட்டமல்லவா நாம்! ஆகவே இரத்தம் எடுக்கும்போதும் ஏற்றும்போதும் நர்ஸுகள் வந்து பெயர் என்ன, அடையாள அட்டை எண் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டால், "காலையிலேயே சொன்னேனே" என்று சலித்துக் கொள்ளக் கூடாது. "அவர்தானே இவர்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டவும் கூடாது. நோயாளி தம் வாயால் முழுப்பெயரும் எண்ணும் சொல்ல வேண்டும். இயலாதவருக்குக் கைப்பட்டியைப் பார்த்து ஒப்பிட வேண்டும். கடையில் அழைக்கும் பெயர் ஒன்று, அட்டையில் உள்ள பெயர் ஒன்று என்று இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் அட்டைப் பெயரையே சொல்லிப் பழக வேண்டும்.

அடுத்து, 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற சொற்கள். இது வேறொரு மார்க்கா. லாண்ட்ஸ்டைனரும் வீனர் என்பவரும் ரீசஸ் என்னும் குரங்கை வைத்து நடத்திய ஆராய்ச்சியால் 1940-ல் வெளிப்பட்டதால் இதற்கு ஆர்.எச். என்று பெயர் வந்தது. இம்மார்க்கா உள்ளவர் பாசிட்டிவ்; இல்லாதவர் நெகட்டிவ். இதில் உள்ள வித்தியாசம் யாதெனில், நெகட்டிவ்காரரின் வாசலில் இதற்கென்று ஜாகா முன்கூட்டியே நிற்பதில்லை. பாசிட்டிவ் இரத்தம் ஒருமுறை உள்ளே வந்த பிறகே உடம்பு அதைக் கண்டு ஜாகாவை நியமிக்கிறது. முதல் தடவை தப்பியவர் அடுத்த தடவை அகப்படுவார். ஆதலால் நெகட்டிவ்காரருக்கு நெகட்டிவ் இரத்தமே ஏற்ற முயலுகிறார்கள். பாசிட்டிவ்காரருக்கு இரண்டும் ஏற்றலாம். வகை பார்க்கவும் நேரமில்லாத அபாய வேளையில் 'ஓ' நெகட்டிவ் கொடுப்பது இதனால்தான். அது கிடைப்பது அரிதாகையால், ஆண்களுக்கும் பிள்ளைப்பேற்று வயதைக் கடந்த மாதருக்கும் அவசரத்தில் 'ஓ' பாசிட்டிவ் கொடுக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு.

பெண்மக்கள் விஷயத்தில் இது மிகவும் முக்கியம். தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால் கருவிலுள்ள பிள்ளை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவ நேரத்தில் பிள்ளையின் இரத்தம் சிறிது தாயின் இரத்தத்தில் கலந்துவிடும். முதற்பிள்ளைக்குப் பெரும்பாலும் கெடுதி இல்லை. ஆனால் தாயின் உடம்பு அதைக் கண்டு ஜாகாவை நியமித்துவிடுவதால், அடுத்த பாசிட்டிவ் பிள்ளை கருவில் இருக்கும்போதே அதன் அணுக்கள் அழிக்கப்படும். பிள்ளை சோகையோடும் கடும் மஞ்சட்காமாலையோடும் பிறக்கலாம். இறந்தே பிறப்பதும் உண்டு. முன்னாட்களில் "தலைப்பிள்ளை தங்கிற்று, பின்னால் ஒன்றும் தங்கவில்லை" என்று பேசப்பட்ட குடும்பங்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுவாக இருந்திருக்கலாம். கண்ணேறு என்றும் ராசி என்றும் சொல்லி அந்த மருமகள்களை எவ்வளவு வாட்டியிருப்பார்கள்!

இதற்கு 1968 முதல் மருந்து உண்டு. ஆன்டி-டி என்னும் ஊசியைக் கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்தை ஒட்டியும், பாசிட்டிவ் பிள்ளை பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும் போடுகிறார்கள். பிள்ளையின் அணுக்களைத் தாயின் உடம்பு கண்டுகொள்ளுமுன் அது அப்புறப்படுத்திவிடுகிறது. கருச்சிதைவு ஆன பிறகும் இது தேவைப்படலாம். அதை வீட்டோடு மறைத்துவிட்டால் ஊசி தவறிப்போகும். இம்மருந்தை மனித பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் சிறு வயதில் அறுவைச் சிகிச்சையின்போது பிறர் இரத்தத்தால் பிழைத்து, 1954 முதல் 2018 வரை 1,173 தடவை தானம் செய்தார். அவருடைய பிளாஸ்மாவில் இந்த எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்ததால் எண்ணற்ற தாய்மாருக்கு மருந்தாயிற்று. 2025-ல் அவர் காலமானார்.

நெகட்டிவ் விஷயத்தில் நம் நாடுகளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பியரில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் நெகட்டிவ். இந்திய வம்சத்தாரில் நூற்றுக்கு 5 பேர் அளவில். சீனரிலும் மலாய்க்காரரிலும் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறுவது கடினம். இதன் பொருள் என்ன? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நெகட்டிவ் இரத்தத்துக்கு அவசரம் வந்தால், தேடிப்போகும் சரக்கு சிறுபான்மையினரான நம்மைப் போன்றோரிடந்தான் விகிதத்தில் அதிகமாக இருக்கிறது. தம் வகை நெகட்டிவ் என்று அறிந்த ஒருவர், வங்கியில் பெயர் பதிந்து வைப்பது பெரிய உபகாரம். அவர் வீட்டிலேயே ஒருவருக்குத் தேவைப்படும் நாளும் வரக்கூடும்.

பிள்ளைக்கு வகை எப்படி வருகிறது? ஒவ்வொருவரிடமும் இரண்டு சீட்டு உண்டு. தாய் ஒன்றும் தந்தை ஒன்றும் கொடுத்தவை. சீட்டில் 'ஏ' என்றோ 'பி' என்றோ எழுதியிருக்கும். அல்லது வெறுஞ்சீட்டாக இருக்கும். வெறுஞ்சீட்டு இரண்டு சேர்ந்தால் 'ஓ'. ஒன்றில் 'ஏ'யும் மற்றது வெறுஞ்சீட்டும் என்றால் வெளியே தெரிவது 'ஏ'தான். வெறுஞ்சீட்டு உள்ளே மறைந்திருக்கும். இதனால் 'ஏ' தந்தைக்கும் 'பி' தாய்க்கும் நான்கு வகைப் பிள்ளைகளும் பிறக்கலாம். 'ஏபி' தந்தைக்கும் 'ஓ' தாய்க்கும் பிறப்பவை சாதாரணமாக 'ஏ' அல்லது 'பி'. பெற்றோர் இருவரில் ஒருவர் வகையும் பிள்ளைக்கு வராது. நாம் அறிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் மகனுக்கு 'பி' என்று சீட்டு வர, "தகப்பனுக்கும் இல்லை, தாய்க்கும் இல்லை, எங்கிருந்து வந்தது?" என்று ஒரு முதிய மாமி கேட்டு வைத்தார். அந்த ஒரு கேள்வியால் அவ்வீட்டில் பல நாள் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. இரத்த வகைச் சீட்டை வைத்து ஒரு பெண்ணின் மானத்தைப் பேசுவது அறியாமை மட்டுமன்று, பெரும் பாவமுமாகும்.

சீட்டுக் கணக்கையும் ஏமாற்றும் ஓர் அபூர்வ வகை இருக்கிறது. 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே முதலியோர் கண்டுபிடித்ததால் அதற்குப் பம்பாய் வகை என்றே பெயர். 'ஓ'காரரிடம் நுனிச் சர்க்கரை இல்லாவிடினும் அதற்கு அடிப்படையான 'எச்' என்ற பகுதி உண்டு. பம்பாய் வகையாரிடம் அதுவும் இல்லை. மேலோட்டமாகப் பரிசோதித்தால் 'ஓ' என்றே தோன்றும். ஆனால் 'ஓ' இரத்தத்தையும் அவர்கள் உடம்பு அடித்து நொறுக்கும். அவர்களுக்கு அவர்கள் வகையே வேண்டும். உலகில் மற்ற இடங்களைவிட இந்திய நாட்டு வம்சத்தாரிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது. அங்கும் பல்லாயிரத்தில் ஒருவரே. தாய் தந்தை இரு பக்கத்திலிருந்தும் அக்குறை வந்து கூடினால்தான் இது தோன்றும். மாமன் மகள், அத்தை மகள் என்று நெருங்கிய சொந்தத்திலேயே பெண் கொள்ளும் குடும்பங்களில் அப்படிக் கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். ஒருவருக்கு இவ்வகை என்று தெரிந்தால், உடன்பிறந்தாரையும் பரிசோதிப்பது அவசியம். உறவு உண்மையிலேயே உதவும் இடம் இதுதான்.

ஏனென்றால், மற்றபடி நெருங்கிய உறவினரின் இரத்தத்தை ஆஸ்பத்திரியார் விரும்புவதில்லை. தகப்பன் மகனுக்குக் கொடுக்கும்போது, இரத்தத்தோடு போகும் வெள்ளையணுக்களைப் பிள்ளையின் உடம்பு அந்நியர் என்று அறியாமல் இருந்துவிடக்கூடும். அவை அங்கேயே குடியேறிப் பிள்ளையின் உடம்பையே தாக்கத் தொடங்கும். நேர்வது மிக அபூர்வம். நேர்ந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். உறவினர் இரத்தம் தவிர்க்க முடியாதபோது கதிர்வீச்சுக் காட்டி அந்த அணுக்களைச் செயலிழக்கச் செய்த பிறகே ஏற்றுகிறார்கள். தம்பியின் இரத்தத்தை வங்கியில் சேர்த்துக் கொண்டு, காக்காவுக்கு யாரோ ஒரு சீனர் கொடுத்ததை ஏற்றுவது இந்தக் காரணத்தாலும் ஆகும்.

இரத்தம் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் பால்குடி உறவு போல மணத்தடை உண்டாகுமா என்று நம் கடையில் வந்து கேட்டவர்கள் உண்டு. அந்தச் சட்டம் சிசுப் பருவத்துப் பாலுக்கே உரியது, இரத்தத்துக்கு இல்லை என்பதே ஆலிம்கள் தரும் விடை.

ஏபி, ஓ, ஆர்.எச். இவற்றோடு கணக்கு முடிந்துவிடவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட மார்க்காத் தொகுதிகளை இதுவரை கண்டிருக்கிறார்கள். ஓரிரு தடவை இரத்தம் ஏற்றுவோருக்கு அவற்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. தாலசீமியா நோயுள்ள பிள்ளைகளைப் போல மாதந்தோறும் ஏற்றிக் கொள்பவர்களுக்கு, சில்லறை மார்க்காக்களுக்கும் ஜாகாக்கள் முளைத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒத்த இரத்தம் அதே இனத்தாரிடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். இவற்றையெல்லாம் அறியவே, வகை பார்த்த பிறகும், நோயாளியின் பிளாஸ்மாவைக் கொடுப்பவரின் அணுவோடு சேர்த்துக் கடைசியாக ஒரு பொருத்தம் பார்க்கிறார்கள். "வகைதான் தெரியுமே, ஏன் தாமதம்?" என்பதற்கு விடை இதுவே. இன்ன வகைக்காரர் இன்னது உண்ண வேண்டும், இன்ன குணமுடையவர் என்று விற்கப்படும் புத்தகங்களுக்கும் இந்த விஞ்ஞானத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவற்றில் காசை விட வேண்டாம்.

கொடுக்க விரும்புவோர் சிங்கப்பூரில் ஊட்ரம் பகுதியிலுள்ள இரத்த வங்கிக்கும், கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய இரத்த மையத்துக்கும் செல்லலாம். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. சிங்கப்பூரில் ஒருமுறை கொடுத்தால் மறுமுறைக்கு 12 வாரம் இடைவெளி வேண்டும். நோன்பு மாதத்தில் பகலில் கொடுப்போர் குறைந்துவிடுவதால், மலேசியாவில் நோன்பு திறந்த பின் இரவில் முகாம் வைப்பதுண்டு. கடை அடைத்துவிட்டுப் போக அது தோதான நேரம். ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. மலேரியா உள்ள பகுதிகளில் தங்கி வந்தவர்களிடம் சில மாதம் கழித்தே இரத்தம் வாங்குவார்கள். ஆகவே எந்த ஊரில் தங்கினோம், எந்தத் தேதியில் வந்திறங்கினோம் என்பதைக் கேட்கும்போது சரியாகச் சொல்ல, பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துச் செல்வது நலம்.